ஒத்திகைப் பந்தாட்டம்

ஒத்திகையைப் பார்த்துவிட்டு நாடகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுவது அபாயமான காரியம். ஒத்திகையில் ராஜபார்ட்காரர் கிரீடம் இல்லாமல் நிற்பார். பாட்டை முணுமுணுத்துப் பாதியில் நிறுத்திவிடுவார். அதைக் கண்டு "நாடகம் தேறாது" என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு "இதற்கு ஈடு கிடையாது" என்று தலையை ஆட்டுகிறவர்களும் உண்டு. இரு திறத்தாரும் அநேகமாக ஏமாந்துதான் போவார்கள். கல்லூரிக் கால்பந்துக் கோஷ்டிகளின் ஒத்திகை ஆட்டமும் இத்தகையதே. ஆயினும், கவனிக்க வேண்டியதைக் கவனித்தால் உண்மை ஓரளவு புலப்படாமற் போகாது. அது எது என்பதே இந்த வாரத்து விசாரணை.

முதலில் சற்றுத் தொலைவில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லுவோம். அமெரிக்காவில் சர்வகலாசாலைக் கோஷ்டிகள் வசந்த காலத்தில் ஓர் ஒத்திகை ஆட்டம் ஆடுவது வழக்கம். அவர்கள் 'புட்பால்' என்று சொல்லுவது, முட்டை வடிவமான பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும் வேறொரு விளையாட்டு, அது இருக்கட்டும். 2007 ஏப்ரலில் அலபாமா சர்வகலாசாலையில், ஒரே கோஷ்டியை இரண்டாகப் பிரித்து ஆடவிட்ட அந்த ஆட்டத்தைப் பார்க்க 92,138 பேர் கூடினார்கள். நிக் சேபன் என்னும் புதிய பயிற்சியாளர் வந்திருந்ததே அத்தனை உற்சாகத்துக்கும் காரணம். அதே ஆண்டு நவம்பரில், அதே மைதானத்தில், லூயிசியானா-மன்ரோ என்னும் சிறிய சர்வகலாசாலையிடம் அந்தக் கோஷ்டி 14-க்கு 21 என்று தோற்றுப் போயிற்று. ஆனால், கதை அங்கே முடிந்துவிடவில்லை. 2009-ஆம் ஆண்டுப் பருவத்தில் அலபாமா ஒரு பந்தயத்தில்கூடத் தோற்காமல் தேசத்தின் முதல் கோஷ்டியாக விளங்கியது. போட்ட விதை முளைத்துக் காய்ப்பதற்கு மூன்றாவது பருவம் ஆயிற்று. கூட்டத்தின் ஆரவாரம் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1931-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் சந்தடியை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சுமார் 365 ஏக்கர் நிலம். மாணவர் தங்கச் சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்னும் விடுதிகள். அப்படித் தங்கிப் படிக்கும் மாணவனுக்கு மைதானம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் பல்லாவரம், சேலையூர், காட்டாங்குளத்தூர், படூர் என்று சுற்று வட்டாரமெங்கும் கல்லூரிகளும் சர்வகலாசாலைகளும் தோன்றின. அவற்றில் படிக்கும் பிள்ளைகளில் அநேகர் ரயிலிலும் பஸ்ஸிலும் தினந்தோறும் வந்து போகிறவர்கள். விடுதிப் பிள்ளைக்கும் ரயில் பிள்ளைக்கும் உள்ள இந்த வித்தியாசம் சிறிதல்ல.

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், தாம்பரத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு கல்லூரி மைதானத்தில் ஒத்திகை ஆட்டம் பார்த்தோம். கல்லூரியின் பெயர் இங்கே அவசியமில்லை. சொல்லப்போகும் விஷயம் பல கல்லூரிகளுக்கும் பொருந்தும். படிப்பு முடிந்து விடைபெறப் போகிறவர்கள் ஒரு பக்கம். அடுத்த ஆண்டும் இருந்து ஆடப் போகிறவர்கள் மறுபக்கம். பிரதானக் கோஷ்டியின் பதினொருவரில் ஐவர் விடைபெறுகிறவர்கள். கல்லூரிக் கோஷ்டியின் தலையெழுத்தே இதுதான். மூன்று ஆண்டுக்கு மேல் ஒருவரும் நிலைப்பதில்லை. பழகிய கால்கள் போய்விடப் புதுக் கால்களைப் பழக்க வேண்டும்.

பெரியவர்கள் மூன்று கோல் போட்டார்கள், இளையவர்கள் ஒன்று. சுற்றி நின்ற மாணவர்கள், "அடுத்த வருஷம் நம் கோஷ்டி அவ்வளவுதான்" என்று கையை விரித்தார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கோல்களின் தொகையைவிட அவை விழுந்த நேரமும் விதமுமே முக்கியமானவை.

முதல் இரண்டு கோல்களும் முதல் கால் மணி நேரத்துக்குள் விழுந்தன. இரண்டும் கார்னர் உதையிலிருந்து வந்தவை. பந்து உயர்ந்து வந்தபோது பின்னணி ஆட்டக்காரர் நால்வரும் பந்தையே அண்ணாந்து பார்த்தார்கள். எதிரி எங்கே நிற்கிறான் என்று பார்த்தவர் ஒருவருமில்லை. இது பரிகாரம் உள்ள வியாதி. யார் யாரைக் காவல் காப்பது என்று வகுத்துக்கொண்டு, தினம் இருபது கார்னர் உதைத்துப் பழகினால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். இத்தகைய பயிற்சியைச் சொல்லிக் கொடுக்க நம்மிடம் ஆள் இல்லாமலும் இல்லை. ஹாரி க்ரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் தொடங்கி, பின்னர் நந்தனத்தில் நிலைபெற்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களைத் தயாரித்து வருகிறது.

அதற்குப் பிறகு சுமார் ஒரு மணி நேரம் இளையவர்களின் ஆட்டமே மேலோங்கி இருந்தது. நடுவில் ஆடிய இருவர் பந்தைக் குருட்டாம்போக்கில் உதைக்காமல், நிறுத்திப் பார்த்துக் கொடுத்தார்கள். கோல்கீப்பர் தைரியசாலி. பிற்பாதியின் தொடக்கத்தில் ஒரு கோல் போட்டார்கள். பிறகு ஒரு பெனால்டி கிடைத்தது. உதைத்தவர் கம்பத்துக்கு வெளியே அனுப்பிவிட்டார். அது விழுந்திருந்தால் ஆட்டம் சரிசமம். பெனால்டியை அலட்சியம் செய்யும் கோஷ்டிகள் நம் தேசத்துச் சரித்திரத்தைச் சற்றுப் படிக்க வேண்டும். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில், அநேகமாக எல்லோரும் வெறுங்காலுடன் ஆடிய நம் கோஷ்டி, பிரான்ஸ் தேசத்துக் கோஷ்டியை நடுங்க வைத்தது. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். ஆனால், கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகி, 2-க்கு 1 என்று தோற்று வந்தோம். 'விதி' என்று இதைச் சொல்லிக்கொள்வதில் பிரயோஜனமில்லை; உதைத்துப் பழகுவதே பிரயோஜனம்.

தரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பங்குனி வெயிலில் இந்தப் பக்கத்து மைதானங்கள் கல்லாக இறுகிக் கிடக்கும். பந்து தலைக்கு மேல் எம்பும். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே பந்து சேற்றில் நின்றுவிடும். உயரத் தூக்கி அடித்தே ஜயிக்கிறவர்கள் அப்போது திண்டாடுவார்கள். தரையோடு பந்தைக் கொடுத்து ஆடுகிறவர்கள் பிழைப்பார்கள். இந்த இளையவர்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள் என்பது நல்ல குறி.

மூன்றாவது கோலுக்கு வருவோம். அது ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் இருக்கும்போது விழுந்தது. அதில் தந்திரம் ஒன்றுமில்லை. இளையவர்களால் ஓட முடியவில்லை, அவ்வளவுதான். குறிப்பாக இடது ஓரத்தில் ஆடிய முதலாண்டு மாணவன், அதுவரை அம்பு போல் பாய்ந்துகொண்டிருந்தவன், எழுபதாவது நிமிஷத்துக்குப் பிறகு இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி நின்றுவிட்டான். அவன் காவல் காக்க வேண்டிய வழியாகத்தான் பந்து உள்ளே போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் அவனை அழைத்து விசாரித்தோம்.

"தம்பி, காலையில் என்ன சாப்பிட்டாய்?"

"டீயும் பன்னும், சார்."

"மத்தியானம்?"

"லெமன் சாதம் கொண்டு வந்தேன், சார். பயிற்சி முடிந்த பசியில் பத்து மணிக்கே சாப்பிட்டுவிட்டேன்."

தெருவுக்குத் தெரு கால்பந்து ஆடும் வியாசர்பாடியிலிருந்து அவன் வருகிறான். காலை ஆறரை மணிப் பயிற்சிக்காக இருட்டோடு புறப்பட்டு, கடற்கரை நிலையத்தில் வண்டி மாறித் தாம்பரத்தில் இறங்குகிறான். "அடுத்த வருஷம் ஆடுவாய் அல்லவா?" என்று கேட்டோம். "அப்பா வேண்டாம் என்கிறார், சார். ஒரு பாடத்தில் அரியர் இருக்கிறது" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

இதுதான் ஒத்திகை ஆட்டம் நமக்குக் காட்டிய உண்மை. அந்தக் கல்லூரி இவ்வாண்டு கோஷ்டிக்குப் புதுச் சட்டைகள் வாங்கியிருக்கிறது. முதுகில் ஒவ்வொருவர் பெயரும் பொன்னிறத்தில் பளபளக்கிறது. பயிற்சி முடிந்த பிறகு பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கிடையாது. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் தொண்ணூறு நிமிஷத்தில் சுமார் பத்து கிலோ மீட்டர் ஓடுகிறார். சென்னைப் புழுக்கத்தில், வியர்வையோடு உப்பும் சத்தும் வடிந்துபோக, டீயையும் பன்னையும் நம்பி அவ்வளவு தூரம் ஓடு என்றால் எந்தப் பிள்ளை ஓடுவான்? இருபத்தைந்து ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு நான்கு இட்லி என்றால் நூறு இட்லி. கூட இருபத்தைந்து வாழைப்பழம். விடுதியோ சிற்றுண்டிச்சாலையோ உள்ள கல்லூரிக்கு இது ஒரு பெரிய காரியமா?

தகப்பனார் சொல்லுவதையும் நாம் தள்ளிவிடுவதற்கில்லை. குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை பரீட்சையில் தவறினால், அந்தக் கவலை பந்தயக் கோப்பையைவிடப் பெரிது. ஆனால், பந்தை நிறுத்திவிட்டால் பாடம் தானாக வந்துவிடும் என்பதும் உறுதியல்ல. பந்தயத்துக்காக வகுப்பை இழக்கும் மாணவனுக்கு விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர்களாகிய நம் கடமை. வருகைப் பதிவில் 'ஓ.டி.' என்று எழுதிக் கொடுப்பதோடு அந்தக் கடமை தீர்ந்துவிடாது. வாரத்துக்கு இரண்டு மாலை, ஒரு மணி நேரம் போதும். அப்படி ஏற்பாடு செய்துவிட்டுத் தகப்பனாரை அழைத்துப் பேசினால் அவர் மனம் மாறக்கூடும். தஞ்சாவூரில் பிறந்த சைமன் சுந்தரராஜ் 1960-ல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் நம் தேசத்துக்காக ஆடினார். அவரும் ஒரு காலத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

இனிப் பலாபலன் சொல்லுவோம். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் பந்தயங்களில் இந்தக் கோஷ்டி இவ்வாண்டு அரை இறுதி வரையில் போகக்கூடும். கோப்பை வருமென்று நாம் சொல்ல மாட்டோம். ஆறு பேர் பழையவர்கள், ஐந்து பேர் புதியவர்கள். ஒருவர் ஓட்டத்தை மற்றவர் அறிந்துகொள்ள ஒரு பருவம் வேண்டும். அடுத்த ஆண்டு கோப்பைக்கு நியாயமான சந்தர்ப்பம் உண்டு. கார்னர் காவல், பெனால்டிப் பழக்கம், காலை ஆகாரம் என்னும் மூன்றும் சீர்பட வேண்டும். அந்த இடது ஓரத்துப் பையனும் கோஷ்டியில் இருக்க வேண்டும்.

கல்லூரி திறந்த பிறகு நேயர்கள் மைதானத்துப் பக்கம் போக நேர்ந்தால், யார் எத்தனை கோல் என்று கேட்பதற்கு முன் எழுபதாவது நிமிஷத்தில் பிள்ளைகள் எப்படி ஓடுகிறார்கள் என்று பாருங்கள். கோஷ்டியின் யோக்கியதை மட்டுமல்ல, கல்லூரியின் யோக்கியதையும் அதில் தெரிந்துவிடும்.