எல்லையில் நிற்கும் ஜெபம்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. நிலத்தில் கோடு போட்டாயிற்று. ஆனால் கேரள எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துக் கிராமங்களில் பாட்டி தமிழில் ஜெபிக்கிறார், பேரன் மலையாளத்தில் ஞாயிறு பள்ளிப் பாடம் படிக்கிறான். ஒரே பெஞ்சில் இருவரும்.

சபை நிர்வாகத்துக்கு இங்கே குறைவில்லை. நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டம் 1996-இல் பிறந்தது; பாறசாலை சீரோ மலங்கரை மறைமாவட்டம் 2017-இல். லண்டன் மிஷன் வழிவந்த சி.எஸ்.ஐ. சபையும் இருக்கிறது. மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்து தொடங்கிய அந்தப் பணிக்குத் தமிழே வாயில். அந்தத் தமிழ்தான் இப்போது ஆலய வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படுகிறது.

தாய்மொழி வழிபாட்டுக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) கதவைத் திறந்தது. எந்தத் தாயின் மொழி என்பதுதான் எல்லையோரத்தில் கேள்வி. மாதம் ஒரு தமிழ் ஆராதனை வைத்தால் மலையாளம் தேய்ந்துவிடாது. செல்பேசியில் எந்த ஊர்த் திருப்பலியையும் பார்க்கலாம், உண்மைதான். படுக்கையில் கிடப்பவரின் கையைப் பிடித்து அவர் மொழியில் ஜெபிக்கச் செல்பேசிக்குக் கை இல்லை.

மொழியைப் போலவே சாதியும் சபைக்குள் ஒரு கோடுதான். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் 2022 மே 15-இல் புனிதரானார். சாதி பாராமல் பழகியதற்காகவும் துன்பப்பட்டவர் அவர். அவர் பெயரால் விழா எடுக்கும் பங்குகள் வாணவேடிக்கைக் கணக்கோடு, கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் இன்னும் எதைப் பார்க்கிறோம் என்ற கணக்கையும் பங்குப் பேரவையில் வைக்கட்டும்.