மலையேறட்டும் இந்த ஒப்பந்தம்!

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடந்தால் கொல்லிமலை. வல்வில் ஓரியின் மலையென்று மேடைதோறும் முழங்குகிறோமே, அதே மலைதான். அங்கே குண்டனி நாட்டுப் பிள்ளை கல்லூரியில் படிக்க விரும்பினால், அந்த எழுபது வளைவுகளையும் இறங்கி, நாமக்கல்லிலோ இராசிபுரத்திலோ விடுதியில் பாய் விரிக்கிறான். மிளகும் இறங்குகிறது, காப்பிக்கொட்டையும் இறங்குகிறது. அவற்றுக்குச் சந்தையில் விலை உண்டு. பிள்ளைக்கு? "மலையாளியா? எந்தக் கேரளம்?" என்ற கேலி!

உலகப் பல்கலைக்கழகங்கள் சில, நாடுவிட்டு நாடு கைகோர்த்து, 'மனவடு அறிந்து கற்பித்தல்' என்றொரு முறையைப் பேசத் தொடங்கியுள்ளன. இது என்ன புதுச் சரக்கு என்பான் ஆலைத் தோழன். இயந்திரத்தில் விரலை இழந்தவன், ஆண்டுகள் கழிந்தும் அந்த இரைச்சல் கேட்டதும் கை நடுங்கி நிற்பதை நீ பார்த்ததில்லையா? அவனைச் சோம்பேறி என்றா சொன்னாய்? வகுப்பில் வாயடைத்து நிற்கும் பிள்ளையை மட்டும் 'மக்கு' என்று எழுதிவிடுகிறார்களே, அதை நிறுத்தச் சொல்வதுதான் இந்த முறை. பலர் முன்னே பிள்ளையை அவமானப்படுத்தாதே. தேர்வு எப்போது, எப்படி என்று முன்கூட்டியே சொல். வருகைப் பதிவு குறைந்தால் தண்டிக்கும் முன் காரணம் கேள். புண்ணைக் காட்டு என்று மட்டும் வற்புறுத்தாதே!

அமெரிக்காவில் 1998-இல் ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்கள் 9,500-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து, இளமையில் பட்ட கொடுமைகள் முதுமை வரை உடலைத் தொடர்வதை எடுத்துக் காட்டினர். நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலே மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் நடுவிலேயே இருந்து, ஒரு மனிதனுக்கு மட்டுமல்ல, ஒரு சமுதாயத்துக்கே வடு உண்டு என்று எழுதினார். நாம் எடுத்தாளும் 'மனவடு' என்ற சொல்லும் ஈழத்தமிழர் வழங்கிய சொல்லே.

சமுதாயத்துக்கு வடுவா என்று ஐயுறுவோர் வாச்சாத்திக்குப் போகட்டும். கொல்லிமலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடியினர்தாம் அங்கும். 1992 ஜூன் 20-இல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் சீரழிக்கப்பட்டனர், ஊர் சூறையாடப்பட்டது. 269 பேர்மீது வழக்கு. 2011-இல் தீர்ப்பு வருமுன் 54 பேர் இறந்தே போயினர், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல். முப்பத்தொரு ஆண்டுகள்! காக்கிச் சட்டையைக் கண்டால் நடுங்கிய தாயின் மடியில் வளர்ந்த பிள்ளை, அதட்டும் பேராசிரியர் முன்னே எப்படி நிற்பான்?

ஆனால் ஒன்று. மலைமக்களை எல்லாம் நோயாளிகளாக்கி, ஆங்கில வினாத்தாளை நீட்டி, 'உனக்கு எத்தனை வடு?' என்று எண்ணிக்கொண்டு போகும் ஆராய்ச்சிக்கு நாம் தலையாட்ட மாட்டோம். விருந்து மண்டபத்தில் கையெழுத்திட்டு, கைகுலுக்கிப் படமெடுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்களை நாம் ஏராளம் கண்டவர்கள். கூட்டுறவு வேண்டுமா? யாழ்ப்பாணத்தோடு வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் செலவு மிச்சம்!

சட்டமும் இப்போது கைகொடுக்கிறது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற ஓர் ஆலோசகரையேனும் அமர்த்த வேண்டும், ஆசிரியர்க்கும் அலுவலர்க்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும் என்றது. ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவரை அணுகும் முறையும் அப்பயிற்சியில் அடக்கம். காகிதத்தில் இருப்பது கல்லூரிக்குள் இருக்கிறதா?

நாமக்கல், இராசிபுரத் தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் உங்கள் ஊர்க் கல்லூரிக்குள் ஒருமுறை நுழையுங்கள். ஆலோசகர் யார், எந்த அறை, மலையிலிருந்து வந்த பிள்ளைகளில் எத்தனைபேர் அந்த வாசலை மிதித்திருக்கிறார்கள், பாதியில் நின்றவர்கள் எத்தனைபேர் என்று கேட்டு எழுதி வாருங்கள். அந்தக் கணக்கு வந்ததும் இதே பகுதியில் வெளியிடுவோம்.