எட்டாம் ஹென்றியின் மணவிலக்கும் மறந்துபோன கொள்ளையும்

நம் மேடைகளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் வரலாறு பெரும்பாலும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. மனைவியை விலக்கிக்கொள்ள மன்னன் விரும்பினான், போப்பாண்டவர் இசையவில்லை, உடனே தனக்கென ஒரு மதத்தை உண்டாக்கிக்கொண்டான். கூட்டம் சிரிக்கிறது. பேச்சாளர் அடுத்த தலைப்புக்குச் சென்றுவிடுகிறார்.

இந்தச் சிரிப்பை நான் இரண்டு காரணங்களால் எதிர்க்கிறேன். பிறர் விஷயத்திலும் நீதி தவறக் கூடாது என்று கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம் என்பது ஒன்று. சிரிப்பு ஓய்வதற்குள் நாம் அறிந்தே தீர வேண்டிய ஒரு செய்தி நம்மைக் கடந்து போய்விடுகிறது என்பது மற்றொன்று.

முதலில் நீதியைப் பார்ப்போம். எட்டாம் ஹென்றி கேட்டது நாம் அறிந்த தலாக் அன்று. அவருடைய மனைவி கேத்தரின், இறந்துபோன அண்ணன் ஆர்தரின் விதவை. அண்ணன் மனைவியை மணந்தது வேதத்துக்கு முரண், ஆகவே அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவிக்கும்படிதான் அவர் வேண்டினார். (நம் ஷரீஅத்தில் அத்தகைய மணத்துக்குத் தடையே இல்லை; அவர்களுக்கு அது பெரும் சிக்கல்.) போப்பாண்டவர் ஏழாம் கிளமென்ட் மறுத்ததற்கும் மார்க்கம் மட்டும் காரணமன்று. 1527இல் ரோம் நகரைச் சூறையாடியது பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை. அந்தச் சார்லஸ் கேத்தரினின் சகோதரி மகன். மேலும், ஹென்றி புதிய கொள்கை எதையும் கொண்டுவந்தவர் அல்லர். லூதரை எதிர்த்து நூல் எழுதியதற்காக 1521இல் போப்பாண்டவரிடமே ‘விசுவாசத்தின் காவலர்’ என்ற பட்டம் பெற்றவர். ரோமை விட்டுப் பிரிந்த பின்னும் பிரிட்டிஷ் மன்னர்கள் அந்தப் பட்டத்தை விடவில்லை. இன்றும் அவர்களின் நாணயங்களில் அது சுருக்கெழுத்தாகப் பொறிக்கப்படுகிறது.

இனி, சிரிப்பில் தவறிப்போகும் செய்திக்கு வருவோம்.

1534இல் நாடாளுமன்றம் மன்னரை இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் என்று சட்டமாக்கியது. அடுத்த ஆண்டே அரசு ஒரு கணக்கெடுப்பில் இறங்கியது. நாடு முழுவதும் திருச்சபைக்கும் மடாலயங்களுக்கும் எவ்வளவு நிலம், எவ்வளவு வாடகை, எவ்வளவு காணிக்கை என்று அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று எழுதினர். முறையான பதிவு, வெளிப்படையான கணக்கு. யார் குறை சொல்ல முடியும்? கூடவே வேறு அதிகாரிகள் மடாலயங்களுக்குள் நுழைந்து துறவியரின் ஒழுக்கக்கேடுகளைப் பட்டியலிட்டனர். 1536இல் சட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 200 பவுனுக்குக் குறைந்த சிறு மடாலயங்கள் மட்டும் கலைக்கப்படும். காரணம், அவற்றில் ஒழுங்கில்லை. பெரிய மடாலயங்களில் இறைபக்தி செவ்வனே பேணப்படுகிறது என்று அதே சட்டத்தின் முன்னுரை பாராட்டவும் செய்தது.

அந்தப் பாராட்டின் ஆயுள் நான்கே ஆண்டுகள். வடக்கே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தலைவர் ராபர்ட் ஆஸ்க் 1537இல் தூக்கிலிடப்பட்டார். கிளாஸ்டன்பரி மடத்தின் முதிய தலைவர் ரிச்சர்ட் வைட்டிங் 1539இல் அவ்வூர்க் குன்றின்மேல் தூக்கிலேற்றப்பட்டார். அது நாட்டின் மிகச் செல்வம் வாய்ந்த மடங்களுள் ஒன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 1540 மார்ச் மாதம் வால்தம் மடம் கடைசியாகச் சரணடைந்தபோது, ஏறத்தாழ 800 துறவு இல்லங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. கூரையின் ஈயம் உருக்கப்பட்டது. மணிகள் விற்கப்பட்டன. நூலகங்கள் சிதறின. நிலத்தின் பெரும்பகுதி பிரபுக்களுக்கும் வசதி படைத்தோருக்கும் விற்கப்பட்டு, அந்தப் பணம் மன்னரின் போர்ச் செலவுகளில் கரைந்தது. 1547இல் ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், இறந்தோருக்காகப் பிரார்த்திக்கவென்று சாமானியர் விட்டுச்சென்ற சிறு அறக்கட்டளைகளும் பறிக்கப்பட்டன. அவற்றுள் பல, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவை, ஏழைக்குச் சோறிட்டவை.

இதன்பின் நடந்ததை நம் முத்தவல்லிகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 1553இல் கத்தோலிக்கரான மேரி அரசியானார். மறு ஆண்டு இங்கிலாந்து மீண்டும் ரோமின் பக்கம் திரும்பியது. பழைய வழிபாடு வந்தது, பழைய ஆயர்கள் வந்தார்கள். நிலம் வரவில்லை. வாங்கியவர்கள்தாமே நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தார்கள்! நிலத்தில் கை வைக்கமாட்டோம் என்ற உறுதியைப் பெற்ற பின்னரே அவர்கள் பாவமன்னிப்பு கேட்டார்கள். போப்பாண்டவரும் அதற்கு இசைந்தார். தன் கையில் எஞ்சியிருந்ததில் ஒரு பகுதியை மட்டுமே அரசியால் திருப்பித் தர முடிந்தது. ஒரு தேசம் தன் மதத்துக்கே திரும்பியும் இறைவனுக்கென விடப்பட்ட சொத்து திரும்பவில்லை.

2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம் வந்த நாளிலிருந்து நம்மவரிலேயே சிலர் ஒரு வாதத்தைச் சொல்கிறார்கள்: நம் முத்தவல்லிகளின் இலட்சணம் தெரியாதா? அரசே ஏற்று நடத்தினால் சுத்தமாக இருக்கும். முதற்பாதியை நான் மறுக்கவில்லை. கடைவீதிக் கடையைப் பழைய வாடகைக்கே உறவினருக்கு விட்டுவைத்திருப்பதும், ஜமாஅத்தில் கணக்குக் கேட்டவரைக் குழப்பவாதி என்பதும் நாமறியாதவை அல்ல. அந்த மடாலயங்களிலும் சீர்கேடு இருந்தது. அதிகாரிகள் மிகைப்படுத்தினார்களேயன்றி முழுவதையும் கற்பனையாக எழுதவில்லை. ஆனால் சீர்கேட்டைக் காட்டி எடுத்த சொத்து சீரானவர் கைக்குப் போனதா? மடாலயங்களோடு இலண்டனின் மருத்துவமனைகளும் ஆதரவிழந்தன. நகரத்தார் மன்னரிடம் மன்றாடிய பிறகே புனித பர்த்தலோமேயு மருத்துவமனை மீண்டும் நிலைபெற்றது. கள்வனைக் காட்டிக்கொடுப்பது கடமை. அதற்காகக் களஞ்சியத்தின் சாவியையே காவலரிடம் கொடுத்துவிட்டுப் போவது மடமை.

இது எங்கோ நடந்த கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. எது அறம், எது அறமன்று என்று அளக்கும் ஆங்கிலச் சட்டத்தின் அளவுகோல் கப்பலேறிக் கிழக்கே வந்தது. பினாங்கில் குடியேறிப் பொருளீட்டிய முஸ்லிம்கள், தம் மறைவுக்குப் பின் ஆண்டுதோறும் கந்தூரி நடத்தச் சொத்து எழுதிவைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்குள்ள ஆங்கிலேய நீதிமன்றங்கள் அவற்றைச் செல்லாது என்றன: அது பொதுமக்களுக்கான அறமன்று, ஆகவே சொத்தை என்றென்றைக்குமாக அதற்கெனக் கட்டிவைக்க முடியாது. கந்தூரி கூடுமா கூடாதா என்பது நம் ஆலிம்கள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியது; அதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. எனினும் அதைத் தீர்மானிக்கும் இடம் ஆங்கிலேய நீதிபதியின் மேசையன்று. 1894இல் பிரிவி கவுன்சில் குடும்ப வக்ஃபுகளையும் அதே போன்றதோர் அளவுகோலால் வீழ்த்தியது. முஸ்லிம்கள் போராடி, ஜின்னா முன்னெடுத்த மசோதா 1913இல் சட்டமாகி அந்த இழப்பைச் சரிசெய்யப் பத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன.

திருச்சபைக்காவது இதனால் இலாபமுண்டா? அரியணையின் நிழலில் அது பெற்றதை மறைக்க வேண்டியதில்லை. 1559ஆம் ஆண்டுச் சட்டப்படி ஞாயிறன்று ஆலயம் வராதவர் 12 பென்ஸ் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. 1813இல் கல்கத்தாவில் ஓர் ஆயர் பதவியை உருவாக்கிய சட்டம், அவருடைய ஊதியத்தை இந்தியரின் வரிப்பணத்திலிருந்து தரச் சொன்னது. ஆயர்களில் 26 பேருக்குப் பிரபுக்கள் சபையில் இருக்கை. இவற்றுக்கெல்லாம் அது கொடுத்த விலை 1927இல் வெளிப்பட்டது. 1662 முதல் வழங்கிவந்த தன் பிரார்த்தனை நூலைத் திருத்தித் திருச்சபை நாடாளுமன்றத்தின் ஒப்புதலைக் கேட்டது. மக்களவை நிராகரித்தது. மாற்றங்கள் செய்து 1928இல் மீண்டும் கேட்டது, மீண்டும் நிராகரிப்பு. அந்த அவையில் வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள் இருந்தனர், மதநம்பிக்கை அற்றவர்கள் இருந்தனர், பார்சிக் குடும்பத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் சாப்பூர்ஜி சக்லத்வாலாவும் இருந்தார். தொழுகையில் எதை ஓதலாம் என்று ஒரு சமுதாயம் இவர்கள் முன் கைகட்டி நின்றது. நம் பள்ளிவாசலை அந்த நிலையில் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள், மேடைச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும்.

ஹஜ் அத்தியாயத்தின் 40ஆம் வசனத்தில், இறைவனின் திருப்பெயர் நினைவுகூரப்படும் இடங்களின் வரிசையில் மடாலயங்களும் ஆலயங்களும் பள்ளிவாசல்களுக்கு முன்பாகவே வருகின்றன. கிளாஸ்டன்பரியின் இடிந்த சுவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

இதே ஆங்கிலிக்கன் மரபு நம் மண்ணில் எடுத்த வழியையும் அந்தப் பேச்சாளர்கள் சொல்வதில்லை. 1927இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1930இல் இந்தியாவின் ஆங்கிலிக்கன் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டக் கட்டிலிருந்து விடுபட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களில், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் அதன் தென்னிந்திய ஆயர்கள் மெதடிஸ்டுகளோடும் பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபினரோடும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையை அமைத்தார்கள். அதன் பிரார்த்தனை நூலுக்கு எந்த நாடாளுமன்றத்தின் ஒப்புதலையும் அவர்கள் கேட்கவில்லை.