காப்பகக் கட்டணம் பாக்கியா? தலைகுனிய வேண்டியது தாய் அல்ல!



"வாங்கினா கட்டித்தானே ஆகணும்?"

கடன் வசூல் கொடுமை பற்றி நாம் எப்போது பேசினாலும், கமெண்டில் முதல் ஆளாக வந்து யாராவது ஒருத்தர் இதைத்தான் எழுதுகிறார். சரிங்க, கட்டித்தான் ஆகணும். அதில் நமக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதை இன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை. மாமியார் ஊரில் இருக்கிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். பிள்ளையை எங்கே விடுவது? தெருமுனையில் இருக்கும் தனியார் காப்பகத்தில்தான். சம்பளம் 12,000, காப்பகத்துக்கு 3,500, வீட்டு வாடகை 4,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 4,500-ல் அரிசி, பால், பஸ், மருந்து எல்லாம் ஓடணும். ஆர்டர் இல்லை என்று கம்பெனி ரெண்டு வாரம் கதவைச் சாத்தினால் போதும், முதலில் நிற்பது காப்பகக் கட்டணம்தான். கட்டணம் நின்றால் பிள்ளையை விட முடியாது. பிள்ளையை விட முடியாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. வேலை இல்லாவிட்டால் பாக்கியை எப்படிக் கட்டுவது?

இந்தச் சுழலில் சிக்கியவரைப் பார்த்துத்தான் "வக்கில்லாம ஏன் பெத்தே?" என்று போனில் கேட்கிறான் வசூல்காரன்.

கட்டணம் எப்படிக் கடனாக மாறுகிறது?

காப்பகக் கட்டணத்துக்கென்று தனியாக ஒரு வசூல்காரன் வாசலில் வந்து நிற்பதில்லை. அந்தக் கட்டணம் வேஷம் மாற்றிக்கொண்டு கடனாக வருகிறது.

ஒன்று, "வட்டியில்லாத் தவணை". பெரிய காப்பகங்களும் மழலையர் பள்ளிகளும் வருஷக் கட்டணத்தை ஒரே தடவையில் கேட்கின்றன. முடியாது என்றால் ஒரு ஃபாரத்தை நீட்டுகிறார்கள். "மாசாமாசம் கட்டிக்கலாம் மேடம், இங்க ஒரு கையெழுத்து." அந்தக் கையெழுத்தோடு கதையே மாறிவிடுகிறது. முழுத் தொகையையும் ஒரு நிதி நிறுவனம் காப்பகத்துக்குக் கொடுத்துவிடுகிறது. இனி நீங்கள் கடன்பட்டிருப்பது அந்த நிதி நிறுவனத்துக்கு. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நடுவில் நிறுத்தினாலும், காப்பகத்தையே பூட்டிவிட்டுப் போனாலும், தவணை மட்டும் நிற்காது.

இரண்டு, செல்போன் கடன் செயலி. பத்து நிமிஷத்தில் பணம் வருகிறது. தவணை தவறினால் பத்து நிமிஷத்தில் மிரட்டலும் வருகிறது.

மூன்று, மகளிர் குழுக் கடன். தொழிலுக்கு என்று எழுதி வாங்கி, பிள்ளையின் கட்டணத்துக்குக் கட்டுகிற நிலை. ஒரு வாரம் தவறினால், வசூல்காரர் மற்ற உறுப்பினர்களையும் கூட்டிவந்து வீட்டு வாசலில் உட்கார வைக்கிறார். பெண்ணுக்கு எதிராகப் பெண்ணையே நிறுத்துகிற தந்திரம் இது.

காப்பகம் நடத்துகிறவர் எதிரியா?

இல்லை தோழர்களே. தெருவில் பத்துப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் வாடகை கட்டுகிறார், ஆயாவுக்குச் சம்பளம் தருகிறார், பாலுக்கும் கேஸுக்கும் பணம் கொடுக்கிறார். அவர் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம். பெற்றோரும் அவரும் உட்கார்ந்து பேசித் தவணை வைத்துக்கொள்ளலாம். பேச்சு முறிந்தால் வக்கீல் நோட்டீஸ் இருக்கிறது, சிவில் நீதிமன்றம் இருக்கிறது. நாம் எதிர்ப்பது கேட்கும் உரிமையை அல்ல. மானத்தை வாங்கிப் பணத்தை வசூலிக்கும் முறையை எதிர்க்கிறோம். இரண்டு ஏழைப் பெண்களை மோதவிட்டுவிட்டு, நடுவில் நின்று வட்டி தின்கிறவனை எதிர்க்கிறோம். அதற்கும் மேலே, இப்படி ஒரு நிலைமையை உண்டாக்கிவிட்டு வேடிக்கை பார்க்கும் அரசுகளை எதிர்க்கிறோம்.

உண்மையான பாக்கிதாரர் யார்?

இப்போது அடுத்த பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம்.

1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டமே, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று சொன்னது. 2017-ல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றார்கள். ஏட்டில் அருமையாக இருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறதா? 49 பேரோடு கணக்கை நிறுத்துகிற கம்பெனிக்கும், ஒரே கூரையின் கீழ் மூன்று காண்ட்ராக்டர் பெயரில் ஆள் எடுக்கிற கம்பெனிக்கும் இந்தச் சட்டம் என்ன செய்யும்? வீட்டு வேலை செய்கிறவர், கட்டட வேலை செய்கிறவர், துணிக்கடையில் கால்கடுக்க நிற்கிறவர், இவர்களுக்கெல்லாம் யார் காப்பகம் தருவது?

கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் உரிமை தருகிறது. 6 வயதுக்குக் கீழே? அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு, அந்த வயதுப் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு "முயல வேண்டும்" என்கிறது. 2002-ல் திருத்தி எழுதிய பிரிவு அது. அன்றிலிருந்து முயல்கிறார்கள், முயல்கிறார்கள், முயன்றுகொண்டே இருக்கிறார்கள்!

ஒன்றிய அரசின் தேசியக் காப்பகத் திட்டம் என்ன ஆனது? வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகளுக்கான திட்டம். முன்பு செலவில் பெரும்பங்கு ஒன்றிய அரசுடையது. 2017-ல் அந்தப் பங்கை 60 விழுக்காடாகக் குறைத்து, 30 விழுக்காட்டை மாநிலங்கள் மீதும், 10 விழுக்காட்டை நடத்துகிற தொண்டு நிறுவனங்கள் மீதும் இறக்கினார்கள். அதற்குப் பிறகு நாடு முழுக்க ஆயிரக்கணக்கான காப்பகங்கள் மூடப்பட்டன. அந்தக் காப்பகம் மூடியதால்தான் ஒரு தாய் தனியாரிடம் போனார். அங்கே போனதால்தான் பாக்கி வந்தது. இப்போது சொல்லுங்கள், முதலில் தவணை தவறியது யார்?

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இது நம் மண்ணின் பெருமை, மறுக்கவில்லை. ஆனால் ஆலையில் ஷிப்ட் முடிவதற்கு முன்பே மையம் பூட்டப்படுகிறது. கைக்குழந்தையை நாள் முழுக்க விட அங்கே வழியில்லை. அந்த மையத்தைத் தாங்கி நிற்கும் பணியாளருக்கு ஒன்றிய அரசு தருவதற்குப் பெயர் சம்பளம்கூட இல்லை, "மதிப்பூதியம்". அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்ல வேண்டியிருந்தது.

1982-ல் சத்துணவுத் திட்டத்தை விரித்த மாநிலம் இது. தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளையைப் பார்த்து "உங்க அப்பா காசு கட்டினாரா?" என்று இந்த மண் கேட்டதில்லை. சோற்றுக்கு ஒரு நியாயம், பராமரிப்புக்கு ஒரு நியாயமா?

போன் வந்தால் என்ன செய்வது?

பயப்படாதீங்க. இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் சொல்லுங்க.

1. கடன் பாக்கி என்பது சிவில் விஷயம். பணம் இல்லாமல் தவணை தவறியதற்காக மட்டும் போலீஸ் உங்களைக் கைது செய்ய முடியாது. "இன்னிக்கு சாயங்காலம் போலீஸ் வரும்" என்று வசூல்காரன் சொன்னால் அது மிரட்டல். அந்த மிரட்டல்தான் குற்றம்.

2. வங்கிகள், நிதி நிறுவனங்கள் சார்பில் வசூலிக்கிறவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கடன் கேட்டு அழைக்கக் கூடாது. இது ரிசர்வ் வங்கி உத்தரவு. குழுக் கடன் என்றால் இன்னும் கறார்: காலை 9-க்கு முன்பும் மாலை 6-க்குப் பின்பும் கூடாது. உறவினரை, பக்கத்து வீட்டை, வேலை செய்யும் இடத்தைத் தொந்தரவு செய்வதும், கெட்ட வார்த்தை பேசுவதும், பெயரை வெளியிட்டு அவமானப்படுத்துவதும் தடை செய்யப்பட்டவை.

3. கடன் செயலி உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையோ படங்களையோ எடுக்கக் கூடாது. எடுத்து மிரட்டினால் 1930-க்கு அழைத்து சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

4. வருகிறவரிடம் அடையாள அட்டையும் நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் கேளுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கையில் கொடுக்காதீர்கள்.

5. அழைப்பு வந்த நேரம், எண், பேசியது எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். மெசேஜை அழிக்காதீர்கள். முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

6. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழையுங்கள்.

7. "வட்டியில்லாத் தவணை" ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி: "நடுவில் நிறுத்தினா இந்தத் தவணை என்ன ஆகும்?" பதிலை எழுத்தில் தராவிட்டால் கையெழுத்துப் போடாதீங்க.

தமிழ்நாட்டிலேயே 2025-ல் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க ஒரு சட்டம் வந்திருக்கிறது. வாங்கியவரையோ குடும்பத்தையோ மிரட்டினால், பின்தொடர்ந்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் சட்டப் புத்தகம் தானாக நடந்துபோய்க் காவல் நிலையத்தில் புகார் எழுதாது. "கடன் வாங்கினது நீதானேம்மா, போய்ப் பேசித் தீர்த்துக்க" என்று புகார் கொடுக்க வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பும் மேசையில் அந்தச் சட்டம் செத்துப்போகும். அதை உயிரோடு வைத்திருப்பது நம்ம வேலை.

நாம் கேட்பது என்ன?

✊ ஆலைகள், சந்தைகள், கட்டட வேலை நடக்கும் இடங்கள் உள்ள பகுதிகளில் ஷிப்ட் நேரம் முழுக்க இயங்கும் அரசுக் காப்பகங்கள்.

✊ அங்கன்வாடி நேரத்தை நீட்டிக்க வேண்டும். அதே பணியாளர் தலையில் சுமையை ஏற்றாமல், புதிய பணியிடங்களை உருவாக்கி, ஊதியம் என்ற பெயரிலேயே ஊதியம் தர வேண்டும்.

✊ காப்பகம் தராத நிறுவனங்களின் பட்டியலை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.

✊ காப்பகம் மூடினாலோ பிள்ளை நின்றாலோ கட்டணக் கடன் அன்றே ரத்தாக வேண்டும். மீதியை நிதி நிறுவனம் காப்பகத்திடம் வாங்கிக்கொள்ளட்டும்.

✊ வசூல் மிரட்டல் புகாரை ஏற்க மறுக்கும் காவல் நிலையங்கள் மீது நடவடிக்கை.

தோழர்களே, உங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் வசூல்காரர் சத்தம் போட்டால், ஜன்னலைச் சாத்தாதீர்கள். நான்கு பேராகப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். கையை ஓங்க வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். "ஐயா, அடையாள அட்டையைக் காட்டுங்க" என்று அமைதியாகக் கேளுங்கள். கிளைச் செயலாளருக்குத் தகவல் சொல்லுங்கள். அந்தப் பெண்ணைத் தனியாகக் காவல் நிலையத்துக்கு அனுப்பாதீர்கள், கூடவே போங்கள்.

அவருக்கு ஒரு பாக்கி இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுவார், அவர் உழைப்பாளி. ஆனால் எழுபது வருஷத்துக்கு மேலாகக் காப்பகம் தராமல் இழுத்தடிக்கிறார்களே முதலாளிகளும் அரசுகளும், அந்தப் பாக்கியை வசூலிக்க யார் போவது?

நாம்தான் போகணும்.

பகிருங்கள். உங்கள் ஆலையில் காப்பகம் இருக்கிறதா இல்லையா என்று கமெண்டில் எழுதுங்கள்.

#காப்பகம்_எங்கள்_உரிமை
#வசூல்_மிரட்டலை_நிறுத்து