சாட்சி முடிந்த பிறகு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர் லிங்கராஜபுரத்துக்குள் நுழைகிறவர் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு பாட்டுக் கேட்கும். ஒரு மாடியில் தமிழ், அடுத்த தெருவில் கன்னடம், அதற்கும் அப்பால் ஆங்கிலம். 1809-ல் பிரிட்டிஷார் இங்கே தண்டு அமைத்தபோது அதன் பின்னாலேயே தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்களாக, சமையல்காரர்களாக, மூட்டை தூக்குகிறவர்களாக, சரக்குக் கொடுப்பவர்களாக வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் தண்டைச் சுற்றியுள்ள பகுதிகளெங்கும் பரவினார்கள். அவர்களோடு கோயில்களும் பள்ளிவாசல்களும் மாதாகோயில்களும் பரவின. இந்தப் பக்கத்தில் தமிழ் பேசிக் கடையில் சாமான் வாங்கலாம், தமிழிலேயே சண்டை போடலாம், தமிழிலேயே பாவ மன்னிப்பும் கேட்கலாம்.

பெரிய சர்ச்சுகளில் ஆராதனைக்கு ஒரு முறை உண்டு. வாடகை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடக்கும் சிறிய சபைகளில் முறையை விட 'சாட்சி'க்குத்தான் மதிப்பு அதிகம். பாட்டும் ஜெபமும் முடிந்ததும் ஒருவர் எழுந்து மைக்கைப் பிடிக்கிறார். குடித்தது, கடன் வாங்கியது, வீட்டில் அடித்தது, நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போனது. பிறகு ஓர் இரவு. யாரோ கொடுத்த துண்டுப் பிரசுரம், அல்லது ஒரு பாட்டு, அல்லது ஆஸ்பத்திரிப் படுக்கை. முழங்கால் போட்டேன், ஆண்டவர் தொட்டார், அன்றோடு விட்டேன். 'அல்லேலூயா' என்கிறது கூட்டம்.

இதைக் கேலி செய்வது சுலபம். கேலி செய்கிறவர்கள், அந்த மனிதர் குடியை விட்டது உண்மை என்பதை மறந்துவிடுகிறார்கள். அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனாலும் சாட்சிக்கென்று ஓர் இலக்கணம் உருவாகிவிட்டது. முற்பகுதி எவ்வளவு கறுப்போ, பிற்பகுதி அவ்வளவு வெளுப்பு. பெரிய ரவுடிக்குப் பெரிய கைதட்டல். கூடப் பிறந்தவனுடன் சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட குமாஸ்தாவுக்கோ, தாயை ஊரில் தனியாக விட்டுவிட்டு மணியார்டர் மட்டும் அனுப்பிக் கொண்டிருந்த மகனுக்கோ சொல்வதற்குச் சாட்சி இல்லை. பெரும்பாலோரின் பாவம் இந்த வகைதான்.

இன்னொன்றும் உண்டு. எல்லாச் சாட்சிகளும் அந்த ஓர் இரவோடு முடிந்துவிடுகின்றன. மறுநாள் காலை என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்த விஷயத்துக்கு இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள். புராட்டஸ்டண்டுகளுக்கு 'இரட்சிப்பு', கத்தோலிக்கர்களுக்கு 'மீட்பு'. முதலாவது வடமொழி வழி வந்தது. காப்பாற்றுதல் என்று பொருள். இரண்டாவது அடகுக் கடைக்காரரின் சொல்லும்கூட. பெட்டியில் பூட்டியிருக்கும் சங்கிலி தன்னைத் தானே மீட்டுக்கொள்ள முடியாது. யாராவது அசலும் வட்டியும் கட்டி வாங்கி வரவேண்டும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லுக்கும் அடிமையையோ கைதியையோ பணம் கொடுத்து விடுவிப்பது என்பதே அடிப்படை. கிறிஸ்தவ நம்பிக்கையின் மையமான செய்தி, அந்தத் தொகையை வேறொருவர் கட்டிவிட்டார் என்பது. ஆனால் அடகுக் கடையை அறிந்தவர்களுக்கு அடுத்த படியும் தெரியும். மீட்ட சங்கிலி வீட்டுக்கு வரவேண்டும், கழுத்தில் ஏறவேண்டும்.

இந்த அடுத்த படியை யோவான் எழுதிய சுவிசேஷம் ஒரே ஒரு சொல்லில் வைத்திருக்கிறது. கைது செய்யப்பட்ட இயேசுவை விசாரிக்கிறார்கள். குளிருக்காக முற்றத்தில் மூட்டிய நெருப்பருகே நின்றுகொண்டு, அவரைத் தெரியாது என்று பேதுரு மூன்று முறை சொல்கிறார். பழைய தமிழ் வேதாகமத்தில் அது 'கரிநெருப்பு'. மூன்று அதிகாரங்கள் தள்ளி, உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் சீடர்களுக்குக் காலை உணவு தயாரித்து வைத்திருக்கிறார். அங்கேயும் கரிநெருப்பு. மூலத்தில் இதற்குரிய கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. பேதுருவை அதே புகை வாசனைக்கு முன் உட்கார வைத்து, நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார். மூன்றாவது தடவை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார் என்று யோவான் மறக்காமல் குறிக்கிறார். நடந்ததை மறந்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு வேலை கொடுக்கப்படுகிறது: ஆடுகளைப் பார்த்துக்கொள். அந்த வேலை ஒரு நாளில் முடிகிறதல்ல.

எத்தனை நாள் ஆகும் என்பதற்கு ஜான் நியூட்டனின் வாழ்க்கையே கணக்கு. 'அமேசிங் கிரேஸ்' என்ற பாட்டைத் தெரியாத ஆங்கில ஆராதனை இந்தியாவிலேயே கிடையாது எனலாம். அதை எழுதியவர் அடிமைக் கப்பலில் வேலை செய்தவர் என்பதும், 1748-ல் அட்லாண்டிக் புயலில் கப்பல் முழுகவிருந்தபோது கடவுளைக் கூப்பிட்டார் என்பதும் பிரசங்க மேடைகளில் அடிக்கடி வரும் கதை. வராத பகுதி இது: அந்தப் புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலின் தலைவரானார். மேல்தளத்தில் வேத வாசிப்பு, கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள். 1754-ல் கடல் தொழிலை விட்டதும் மனசாட்சி உறுத்தியதால் அல்ல, உடல்நலம் கெட்டதால். 1764-ல் குருவானார். 1772-ன் கடைசியில் அந்தப் பாட்டை எழுதினார் என்கிறார்கள். அடிமை வியாபாரத்துக்கு எதிராக, தன் கைகளும் கறைபட்டவை என்று ஒப்புக்கொண்டு, பகிரங்கமாக ஒரு சிறு நூல் வெளியிட்டது 1788-ல். புயலிலிருந்து எண்ணினால் நாற்பது ஆண்டு! பிரிட்டனில் அந்த வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் கண்பார்வை போன கிழவராக அவர் இறந்தார்.

1748-ல் நியூட்டனிடம் மைக்கைக் கொடுத்திருந்தால் அருமையான சாட்சி சொல்லியிருப்பார். அதில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட வந்திருக்க மாட்டார்.

லிங்கராஜபுரத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போகவேண்டிய அவசியமில்லை. ஹென்னூர் சாலையில் வடக்கே போனால் கொத்தனூர் தாண்டி தொட்டகுப்பி வரும். அங்கே 'ஹோம் ஆஃப் ஹோப்' என்ற பெயரில் ஆதரவற்றோருக்கான இல்லம் நடத்துகிறவர் டி. ராஜா. ஊர் வைத்த பெயர் ஆட்டோ ராஜா. தன் பழைய நாட்களைப் பேட்டிகளில் அவரே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். சிறுவயதிலேயே திருட்டு, சூதாட்டம், குடி. வீட்டை விட்டு ஓடிச் சென்னைத் தெருக்களில் படுத்தது. குப்பைத் தொட்டியில் கிடைத்ததைத் தின்றது. பிறகு சிறை. பெங்களூர் திரும்பி ஆட்டோ ஓட்டினார். கிறிஸ்துவின் மேல் விசுவாசம் வந்தது.

சாட்சி இங்கே முடியவேண்டும். ராஜாவின் கதையில் கவனிக்கவேண்டிய பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆட்டோவில் போகும்போது சாலையோரத்தில் புண்ணும் அழுக்குமாகக் கிடந்தவர்கள் அவர் கண்ணில் பட்டார்கள். அப்படிக் கிடப்பவர்களை நகரத்தில் எல்லோரும்தான் பார்க்கிறார்கள். தான் கிடந்த இடத்தில் இன்னொருவர் கிடக்கிறார் என்று பார்க்க, அங்கே கிடந்தவரால்தான் முடியும். அப்படி ஒருவரைத் தூக்கி வந்து தன் வீட்டிலேயே வைத்துக் கழுவிப் பராமரிக்கத் தொடங்கினார். 1997-ல் 'நியூ ஆர்க் மிஷன்' உருவானது. பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்தார்கள். மனநிலை தவறியவர்கள், குடும்பம் கைவிட்ட முதியோர், குழந்தைகள். போலீஸ்காரர்களே கொண்டுவந்து விடுவதும் உண்டு. சாவதற்கு ஒரு கட்டில் மட்டுமே தேவைப்படுகிறவர்களும் வருகிறார்கள்.

அந்த வேலையில் பெரும் பகுதி பிரசங்கம் செய்யத் தோதானதல்ல. புழு வைத்த புண்ணைக் கழுவவேண்டும், தலையை மழிக்கவேண்டும், அசிங்கமானதை மாற்றிவிட்டுச் சாப்பாடு ஊட்டவேண்டும். மறுநாளும் அதையே செய்யவேண்டும். ஒருகாலத்தில் அடுத்தவர் பையில் நுழைந்த கைக்கு இது தண்டனையா, பிராயச்சித்தமா என்று கேட்டால், புராட்டஸ்டண்ட் போதகர் இரண்டும் இல்லை என்பார். மன்னிப்பு இலவசம், நற்செயல் அதற்கு விலை ஆகாது என்பது அவர்களுடைய அடிப்படைப் பாடம். கத்தோலிக்கக் குரு பாவசங்கீர்த்தனம் கேட்டபின் ஏதாவது பரிகாரம் விதிப்பார். இந்த வாதம் ஐந்நூறு ஆண்டாக நடக்கிறது. தொட்டகுப்பியில் புண்ணோடு படுத்திருப்பவருக்கு அதில் அக்கறை இருக்க நியாயமில்லை.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, சபைகள் அதைப் பேசுவதில்லை. கடவுள் மன்னித்துவிட்டார் என்பது சரி. அடிபட்டவர்? மாடிச் சபையில் மைக்கைப் பிடித்துப் பேசும் மனிதரின் மனைவி பெண்கள் பக்கத்தில் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். அந்த நகை அவருடையது. அந்த அடி அவர் வாங்கியது. கணவர் ஓர் இரவில் மாறியிருக்கலாம். அவருக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டால் இன்னமும் வயிற்றைக் கலக்கும். மூன்று வருடம், ஐந்து வருடம் பார்த்துத்தான் நம்புவார். 'ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீ யார் மன்னிக்காமல் இருக்க' என்று அவரை அவசரப்படுத்துகிற போதகர்கள் இருக்கிறார்கள். அது இரண்டாவது அடி.

கெட்ட குமாரன் கதையில் இந்த நான்காவது வரிசைக்கும் இடம் இருக்கிறது. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளையவனுக்குத் தகப்பன் விருந்து வைக்கிறான். வயலிலிருந்து வந்த மூத்தவன் உள்ளே வர மறுக்கிறான். பிரசங்கங்களில் அவனுக்குப் பொறாமைக்காரன் என்று பெயர். கதையில் தகப்பன் அவனைத் திட்டவில்லை. இளையவனைப் பார்த்து ஓடியவன் மூத்தவனுக்காகவும் வெளியே வருகிறான், வருந்தி அழைக்கிறான். மூத்தவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை.

உள்ளே போன ஒருவரைப் பற்றி இந்தியாவில் சான்றுகளோடு சொல்ல முடியும். 1995 பிப்ரவரி 25. மத்தியப் பிரதேசத்தில் உதய்நகரிலிருந்து இந்தூர் செல்லும் பஸ். கேரளத்தைச் சேர்ந்த கன்னியாஸ்திரீ ராணி மரியா அதில் இருந்தார். ஆதிவாசி விவசாயிகளைக் கடன் கொடுப்பவர்களின் பிடியிலிருந்து விடுவிக்கப் பாடுபட்டவர். சமுந்தர் சிங் என்ற இளைஞர் அவரைப் பயணிகளின் கண்ணெதிரே கத்தியால் குத்திக் கொன்றார். ஐம்பதுக்கு மேற்பட்ட காயங்கள். தூண்டிவிட்டவர்கள் வேறு ஆட்கள் என்று பிற்பாடு சமுந்தர் சிங்கே சொன்னார். ஆயுள் தண்டனை கிடைத்தது. சிறையில் இருந்தபோது மனைவி பிரிந்தார். மகன் இறந்தான். தன்னை மாட்டிவிட்டவர்களைப் பழிவாங்கவேண்டும் என்பது ஒன்றே அவருக்கு மிஞ்சியிருந்தது.

சுவாமி சதானந்த் என்று அழைக்கப்பட்ட குரு ஒருவர் சிறைக்குப் போய் அவரைப் பார்க்கத் தொடங்கினார். 2002 ஆகஸ்டில், ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையும் அதே சபைக் கன்னியாஸ்திரீயுமான செல்மி பால் சிறைக்குப் போனார். அக்காவைக் குத்திய கையில் ராக்கி கட்டினார். கொலை நடந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஏழு ஆண்டுகளைத் தாண்டிவிட்டு இந்தக் கதையைச் சொல்பவர்கள் செல்மி பாலுக்கு அநியாயம் செய்கிறார்கள். தண்டனையைக் குறைக்கும்படி குடும்பத்தாரே மனுச் செய்தார்கள். 2006-ல் சமுந்தர் சிங் வெளியே வந்தார். மறுவருடம் கேரளத்துக்குப் போய் அந்தக் குடும்பத்தின் வீட்டில் ராணி மரியாவின் தாயைச் சந்தித்தார். பிறகு சொந்த கிராமத்தில் விவசாயம் பார்த்தார். உதய்நகரில் உள்ள கல்லறைக்கு அவ்வப்போது போய் வந்தார்.

2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு 'அருளாளர்' பட்டம் வழங்கப்பட்டது. கர்தினால்கள், ஆயர்கள், ஆயிரக்கணக்கான மக்கள். செல்மி பால் வந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் சமுந்தர் சிங்கும் இருந்தார்.