இரண்டு மணித்தியாலம் என்னும் மாயை

இரு விமான நிலையங்களின் அகலாங்கு நெட்டாங்குகளைக் கொண்டு நேர்தூரத்தைக் கணித்து, அதனை விமானத்தின் வேகத்தால் வகுத்து, வரும் விடையையே பிரயாண நேரமெனக் கூறிவிடும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. கணிதத்தில் தவறில்லை. அவ்விடையை மனிதரின் பிரயாணமாகக் கொள்வதே தவறு.

தென் அத்திலாந்திக் சமுத்திரத்தில் பிரித்தானியாவின் ஆட்சிக்குட்பட்ட சென். ஹெலினா, அசென்சன் ஆகிய தீவுகளை நோக்குக. இவற்றிடைத் தூரம் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர். ஜெற் விமானத்துக்குச் சுமார் இரண்டு மணித்தியாலம். அட்டவணை இத்துடன் முடிந்துவிடும். ஆனால் 2017இன் பிற்பகுதியில் இவ்விரு தீவுகளுக்குமிடையே தொடங்கிய விமான சேவை மாதமொருமுறை என்றே வகுக்கப்பட்டது. அவ்வொரு நாளைத் தவறவிட்டவனுக்கு இடைத்தூரம் இரண்டு மணித்தியாலமன்று, ஒரு மாதம். 1836 ஜூலை 14இல் சென். ஹெலினாவினின்றும் பாய்விரித்த பீகிள் கப்பல் டார்வினை 19ஆந் திகதி அசென்சனிற் சேர்த்தது. காற்றை நம்பிய அக்கப்பலுக்கு ஐந்து நாள் போதுமாயிருந்தது!

விமான நிலையம் வந்ததே பெரும்பேறு என்று வாதிடுவோருளர். சென். ஹெலினா விமான நிலையம் ஏறத்தாழ 28.5 கோடி பவுண் செலவில் அமைந்தது. 2016 ஏப்பிரலிற் பரீட்சார்த்தமாக வந்த விமானம் ஓடுபாதையருகே காற்றின் திடீர் மாற்றத்தால் அலைக்கழிக்கப்பட்டதன் பின், திறப்புவிழா ஒத்திவைக்கப்பட்டது. ஒழுங்கான பயணிகள் சேவை 2017 ஒக்ரோபரிலேயே தொடங்கியது. அசென்சனிலோ, ஓடுபாதை பழுதுற்றமையால் 2017 முதற் பல ஆண்டுகள் பெரிய விமானங்கள் இறங்க முடியவில்லை. இவ்வளவுக்கும் இடையில், தீவாரின் ஒரே நம்பிக்கையாயிருந்த அஞ்சற்கப்பல் 2018 பெப்ரவரியில் சேவையினின்றும் விலக்கப்பட்டது. புதிய வழி உறுதிப்படுமுன் பழைய வழியை அடைப்பதும் அபிவிருத்தியாம்!

இழப்பு யாருடையது? அசென்சனில் எவருக்கும் நிரந்தர வதிவுரிமை இல்லை. தொழில் உள்ளவரை தங்கலாம், அது முடிந்தால் வெளியேற வேண்டும். அங்கு உழைப்போரிற் பெரும்பாலோர் சென். ஹெலினா மக்கள். தாயின் மரணச் செய்தி கேட்ட தொழிலாளிக்கு அடுத்த விமானம் என்றைக்கு என்பதே கேள்வி. அதன் வேகம் அவனுக்கு எதற்கு?

ஏகாதிபத்தியம் இதனை நன்கறிந்திருந்தது. 1815இல் நெப்போலியனைச் சென். ஹெலினாவில் அடைத்தபோது, அவன் மீட்கப்படலாகாதெனக் கருதி அசென்சனிலும் படை நிறுத்தியது. 1900இல் போயர் போர்க்கைதிகளை அங்கும் நமது தியத்தலாவையிலும் கொணர்ந்து வைத்தது. சிறைக்கு மதில் வேண்டியதில்லை, கப்பலைத் தன் கையில் வைத்திருந்தாற் போதும் என்பது அதன் கணக்கு.

அட்டவணை இயற்றுவோர் தூரம், நேரம் என்னும் இரு நிரல்களுக்குப் பக்கத்தில் வேறும் இரண்டைச் சேர்ப்பாராக: அடுத்த விமானத்துக்கு எத்தனை நாள், பயணச்சீட்டுக்கு எத்தனை மாத ஊதியம்.