பிரிட்டிஷ் ஜனங்களின் கோபமும் அதைக் களவாடியவர்களும்

கப்பலே இல்லாத ஒரு கம்பெனிக்குக் கப்பல் விடுகிற காண்ட்ராக்டைக் கொடுத்தது ஒரு சர்க்கார். ஏதோ மூலையில் கிடக்கும் ஜில்லா போர்டு அல்ல. உலகத்துக்கே பார்லிமெண்ட் ஆட்சியைக் கற்றுக் கொடுத்தவர்கள் நாங்கள் என்று மார்தட்டுகிற பிரிட்டிஷ் சர்க்கார்தான். ஐரோப்பிய யூனியனிலிருந்து உடன்பாடு எதுவும் இல்லாமல் பிரிய நேர்ந்தால் சரக்கு ஏற்றிவரக் கூடுதல் கப்பல்கள் வேண்டும் என்று சொல்லி, 2018 டிசம்பரில் சீபோர்ன் ஃபிரெயிட் என்ற கம்பெனியோடு 1 கோடியே 38 லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் செய்தார்கள். அந்தக் கம்பெனிக்கு ஒரு கப்பல்கூடக் கிடையாது. விஷயம் அம்பலமாகி ஊர் சிரித்த பிறகு, 2019 பிப்ரவரியில் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். கப்பல் காண்ட்ராக்டுகளை ரகசியமாகக் கொடுத்தது செல்லாது என்று கடலடிச் சுரங்க ரயில் கம்பெனி வழக்குப் போட்டது. அதைச் சமரசம் செய்ய 3 கோடியே 30 லட்சம் பவுன் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். மந்திரி மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

பிரிட்டிஷ்காரன் ஐரோப்பாவிலிருந்து பிரிந்தால் நமக்கென்ன, சேர்ந்தால் நமக்கென்ன என்று மில் கேட்டில் சில தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த நாட்டு உழைப்பாளி மக்களுக்கு வந்த கோபம் நியாயமான கோபம். அந்தக் கோபம் யார் கைக்குப் போயிற்று, போய் என்ன ஆயிற்று என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது. நாளைக்கு நம் வாசலுக்கும் அந்தக் களவாணிகள் வரலாம்.

மூன்று வருஷத்து நாடகம்

2016 ஜூன் 23-ஆம் தேதி பிரிட்டனில் சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. பிரிய வேண்டும் என்று 1 கோடியே 74 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். இருக்க வேண்டும் என்றவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். வாக்கெடுப்பைக் கொண்டுவந்த பிரதம மந்திரி டேவிட் காமரூன், மறுநாள் காலையிலேயே பதவி விலகுவதாக அறிவித்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

அடுத்து வந்த தெரஸா மே, 2017 மார்ச் 29-ஆம் தேதி ஐரோப்பிய யூனியனுக்கு நோட்டீஸ் கொடுத்தார். இரண்டு வருஷம் கெடு. கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே தம் பலத்தைப் பெருக்கிக்கொள்ள ஜூன் மாதம் தேர்தல் வைத்து, இருந்த பெரும்பான்மையையும் பறிகொடுத்தார். அந்தத் தேர்தல் சமயத்தில் ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ் டெலிவிஷன் கூட்டத்தில் எழுந்து சம்பள உயர்வு பற்றிக் கேட்டார். பணம் காய்க்கும் மந்திர மரம் எதுவும் இல்லை என்று பதில் சொன்னார் மே அம்மையார். அதே மாதம் முடிவதற்குள் வட அயர்லாந்துக் கட்சியொன்றின் 10 எம்.பி.க்களின் ஆதரவுக்காக அந்தப் பிரதேசத்துக்கு 100 கோடி பவுன் ஒதுக்கினார். நர்ஸுக்குக் காய்க்காத மரம் நாற்காலிக்குக் காய்த்தது!

பிறகு பேச்சுவார்த்தை. லண்டனிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கும் பிரஸ்ஸல்ஸிலிருந்து லண்டனுக்குமாக மந்திரிகள் பறந்தார்கள். கூரையேறிக் கோழி பிடிக்காதவன் வானமேறி வைகுண்டம் போன கதைதான். தங்கள் மந்திரிசபைக்குள்ளேயே ஒருமித்த முடிவுக்கு வர முடியாதவர்கள் 27 நாடுகளோடு ஒப்பந்தம் முடிக்கப் போனார்கள். கடைசியில் கொண்டுவந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரி 15-ஆம் தேதி பார்லிமெண்ட் 432-க்கு 202 என்ற ஓட்டில் தூக்கி எறிந்தது. மார்ச்சில் மேலும் இரண்டு முறை எறிந்தது. சரி, எதுதான் வேண்டும் என்று மார்ச் 27-ஆம் தேதி எட்டு யோசனைகளை ஓட்டுக்கு விட்டார்கள். எட்டும் தோற்றன.

அந்த மார்ச் மாதத்தில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். 23-ஆம் தேதி, மறுபடியும் எங்களைக் கேளுங்கள் என்று லட்சக்கணக்கானோர் லண்டனில் ஊர்வலம் போனார்கள். பிரிவதையே ரத்து செய்யுங்கள் என்ற மகஜரில் 60 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. 29-ஆம் தேதி, பிரிந்திருக்க வேண்டிய நாள், ஏன் இன்னும் பிரியவில்லை என்று இன்னொரு கூட்டம் பார்லிமெண்ட் வாசலில் நின்றது. இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றையொன்று பிடிக்காது. ஆனால் தலைவர்கள் தங்களை ஏமாற்றுகிறார்கள் என்பதில் இரண்டும் ஒரே அபிப்பிராயம்.

வேலிக்கு ஓணான் சாட்சி

தலைவர்கள் செய்வது சரியா தவறா என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவை பத்திரிகைகள். சொன்னவர்கள் யார் என்று பாருங்கள்.

போரிஸ் ஜான்ஸன் ஒரு காலத்தில் டெலிகிராப் பத்திரிகையின் பிரஸ்ஸல்ஸ் நிருபர். பிறகு வருஷத்துக்கு 2 லட்சத்து 75 ஆயிரம் பவுன் வாங்கிக்கொண்டு அதே பத்திரிகையில் வாராவாரம் கட்டுரை எழுதியவர். வாக்கெடுப்புக்கு முன்பு இந்த மனிதர் பிரிய வேண்டும் என்று ஒரு கட்டுரையும், இருக்க வேண்டும் என்று இன்னொரு கட்டுரையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் அச்சுக்குக் கொடுத்தார். பிற்பாடு பிரதம மந்திரி ஆனார். எதிர்த் தரப்பில் ஜார்ஜ் ஆஸ்பார்ன். நிதி மந்திரி பதவி போனதும், 2017-இல் ஒரு கோடீஸ்வரரின் ஈவினிங் ஸ்டாண்டர்டு பத்திரிகைக்கு ஆசிரியராகப் போய் உட்கார்ந்தார். பத்திரிகைக்காரர் மந்திரியாகிறார்; மந்திரி பத்திரிகைக்காரர் ஆகிறார். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்!

பிரிய வேண்டும் என்ற கோஷ்டி, வாரம் 35 கோடி பவுன் ஐரோப்பாவுக்குப் போகிறது, அதை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்போம் என்று ஒரு சிவப்பு பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டியது. தள்ளுபடியையும் திரும்பி வருவதையும் கழிக்காத பொய்க் கணக்கு அது. நாட்டின் புள்ளிவிவர ஆணையமே கண்டித்தது. பஸ் ஓடிக்கொண்டேதான் இருந்தது. இருக்க வேண்டும் என்ற கோஷ்டி சளைத்ததா? பிரிந்தால் 3,000 கோடி பவுன் பள்ளம் விழும், வரியைக் கூட்டி ஆஸ்பத்திரிச் செலவை வெட்டும் அவசர பட்ஜெட் போடுவேன் என்று ஆஸ்பார்ன் மிரட்டினார். அந்த பட்ஜெட் வரவே இல்லை. ஒருவன் ஆசை காட்டினான், ஒருவன் பயம் காட்டினான்.

பார்லிமெண்டைக் கேட்காமல் மந்திரிகள் நோட்டீஸ் கொடுக்கக் கூடாது என்று 2016 நவம்பரில் ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. மறுநாள் டெய்லி மெயில் பத்திரிகை மூன்று நீதிபதிகளின் படத்தைப் போட்டு, ஜன விரோதிகள் என்று தலைப்பிட்டது. இது பிரபு வம்சத்தாருக்குச் சொந்தமான பத்திரிகை. 1934-இல் பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் கருஞ்சட்டைப் படையை வாழ்த்தி வரவேற்ற பத்திரிகை. ஜன விரோதி யார் என்று தீர்மானிக்கும் யோக்கியதை இவர்களுக்கு!

பார்லிமெண்ட் எதிரே புல்தரையில் கூடாரம் அடித்துக்கொண்டு டெலிவிஷன்காரர்கள் ராப்பகலாகப் பேசினார்கள். யார் யாரைக் கவிழ்ப்பார், எத்தனை ஓட்டில் தோற்பார் என்று குதிரைப் பந்தயத்துக்குச் சொல்வதுபோல் சொன்னார்கள். மில் மூடிக் கிடக்கும் ஊரில் கூலி என்ன, வீட்டு வாடகை என்ன என்ற பேச்சுக்கு அந்தக் கூடாரத்தில் இடம் குறைவு.

பர்ன்லியும் பாஸ்டனும்

லங்காஷயர் துணியை நம் மில் தொழிலாளர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் நெசவாளியின் தறியை முடக்கிய துணி அது. அதன் லாபம் மில் முதலாளிக்குப் போயிற்று. நெய்த கூலிக்காரன் நம்மைப் போன்றவன்தான். அந்த லங்காஷயரில் பர்ன்லி என்ற ஊர், ஒரு காலத்தில் தறிச் சத்தம் ஓயாத ஊர். மில்கள் போய்விட்டன, அந்தக் கூலிக்கு ஈடான வேலை வரவில்லை. 2016-இல் அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு, பிரிய வேண்டும் என்று விழுந்தது.

கிழக்கே லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்ற ஊர். முட்டைக்கோஸும் காய்கறியும் விளையும் பூமி. அறுப்புக்கும் மூட்டை கட்டுவதற்கும் போலந்து, லிதுவேனியா போன்ற நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள்; கங்காணிகள் மூலம் வேலைக்கு வைப்பது அங்கே வழக்கம். கங்காணி என்றால் என்னவென்று நம் விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். அந்த ஊரில் 75.6 சதவிகிதம் பிரிவதற்கு ஆதரவாக விழுந்தது. நாட்டிலேயே அதுதான் அதிகம்.

இவர்களெல்லாம் முட்டாள்கள் என்று லண்டன் கனவான்கள் ஏசினார்கள். 2010-க்குப் பிறகு சிக்கனம் என்ற பெயரில் நகரசபைகளுக்குத் தரும் பணத்தை வெட்டினார்கள், நூலகங்களை மூடினார்கள், ஏழைகளின் உதவித்தொகையில் கை வைத்தார்கள். 1 கோடியே 40 லட்சம் பேர், அதாவது ஐந்தில் ஒருவர், வறுமையில் இருப்பதாக ஐக்கிய நாடுகள் சபையின் விசேஷப் பிரதிநிதி 2018-இல் சொன்னார். 2017 ஜூன் 14-ஆம் தேதி லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கட்டிடம் எரிந்தது. தீப்பற்றும் தகடு ஒட்டியிருந்த அந்தக் கட்டிடத்தில் 72 பேர் மாண்டார்கள். ஐந்தே நாள் கழித்து, ஜூன் 19-ஆம் தேதி, பிரஸ்ஸல்ஸில் பேச்சுவார்த்தை தொடங்கிற்று. அதன் பிறகு சர்க்காரின் கவனமும் பத்திரிகைகளின் முதல் பக்கமும் எங்கே இருந்தன என்று சொல்ல வேண்டுமா?

ஐரோப்பிய யூனியனும் பாட்டாளிகளின் காவல் தெய்வமல்ல. 2015-இல் கிரீஸ் நாட்டு ஜனங்கள் 61 சதவிகிதம் பேர் உங்கள் சிக்கன நிபந்தனை வேண்டாம் என்று ஓட்டுப் போட்டும், அவர்கள் கழுத்தில் அதைக் கட்டியது அந்த யூனியன்தான். பிரிட்டனில் நடந்தது முதலாளிகளின் இரண்டு பிரிவுகளுக்குள் சண்டை. கோல்ட்மன் சாக்ஸ் போன்ற பாங்கிகள் இருக்க வேண்டும் என்ற பக்கம் பணம் கொடுத்தன. ஆரன் பாங்க்ஸ் என்ற இன்ஷூரன்ஸ் முதலாளி பிரிய வேண்டும் என்ற பக்கம் கொட்டினார். இரண்டு பேரும் ஜனங்களைத் தங்கள் சண்டைக்கு ஆள் சேர்த்தார்கள்.

நம் பக்கத்துக் குறையும் உண்டு

உண்மையை மறைக்காமல் பேசவேண்டும். இடதுசாரிகளும் பிளந்து நின்றார்கள். பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியும் ரயில்வே, கப்பல் தொழிலாளர் சங்கமும் பிரிய வேண்டும் என்றன. தொழிற்சங்கக் காங்கிரஸ் இருக்க வேண்டும் என்றது. தொழிற்கட்சி 2017-இல் ரயிலையும் தபாலையும் தண்ணீரையும் பொதுவுடைமை ஆக்குவோம் என்று பேசி 40 சதவிகிதம் ஓட்டு வாங்கிற்று. 2019-இலும் அதே கோரிக்கைகள் அறிக்கையில் இருந்தன. ஆனால் பிரிவதா இருப்பதா என்பதற்கு நேரான பதில் இல்லாமல் தடுமாறிற்று. ஓட்டு 32 சதவிகிதமாக விழுந்தது. காரியத்தை முடிப்போம் என்று ஒற்றை வரி சொன்ன ஜான்ஸனுக்கு 80 இடம் பெரும்பான்மை கிடைத்தது. நூறு வருஷத்துக்கு மேலாகக் கன்சர்வேடிவ் கட்சியைத் தேர்ந்தெடுக்காத பர்ன்லியே அந்தக் கட்சிக்குப் போயிற்று.

கட்டுப்பாடு யார் கைக்கு வந்தது?

கட்டுப்பாட்டை நம் கைக்கே திரும்பக் கொண்டுவருவோம் என்பதுதான் பிரிய வேண்டும் என்றவர்களின் கோஷம். 2020 ஜனவரி 31-ஆம் தேதி பிரிட்டன் பிரிந்தது. கட்டுப்பாடு யார் கைக்கு வந்தது?

2022 மார்ச் 17-ஆம் தேதி பி அண்டு ஓ கப்பல் கம்பெனி கிட்டத்தட்ட 800 கப்பல் தொழிலாளர்களை ஒரு வீடியோ செய்தியில் வேலையை விட்டு நீக்கியது. சங்கத்தைக் கலந்து பேசாதது சட்ட விரோதம் என்று தெரிந்தேதான் செய்தோம் என்று அதன் தலைவர் எம்.பி.க்கள் முன்னிலையில் சொன்னார். புதிய ஆட்களுக்குச் சராசரிக் கூலி மணிக்கு ஐந்தரைப் பவுன். நாட்டின் குறைந்தபட்சக் கூலியோ அன்று 8.91 பவுன். அந்தப் புதிய ஆட்களில் நம் இந்தியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஒரு நாட்டுத் தொழிலாளியின் வயிற்றில் அடிக்க இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் வறுமையையே தடியாக எடுத்தார்கள்.

வயல் வேலைக்கு வந்த அந்நியர்கள் போய்விடுவார்கள் என்றார்களே? பருவகால வேலைக்கென்று 2019-இல் 2,500 பேருக்கு ஆரம்பித்த அனுமதித் திட்டத்தை 2023-இல் 45,000 ஆக உயர்த்தினார்கள். பக்கத்துப் போலந்துக்குப் பதிலாக நேபாளம், இந்தோனேசியா, கிர்கிஸ்தான் என்று இன்னும் தூரத்திலிருந்து, கடன் வாங்கி வழிச்செலவு செய்துவந்த ஆட்களை எடுத்தார்கள். கங்காணி முறை ஒழியவில்லை. ஆள் பிடிக்கும் தூரம் கூடியதுதான் மிச்சம்.

ஏமாந்த கோபம் எங்கே போகும்? ஆட்சிமுறையைப் பெருமளவு சீர்திருத்த வேண்டும் என்று 72 சதவிகிதம் பேர் சொல்வதாக ஹான்ஸார்டு சங்கம் 2019-இல் கண்டறிந்தது. விதிகளை உடைக்கத் துணிந்த பலசாலித் தலைவன் வேண்டும் என்றார்கள் 54 சதவிகிதம் பேர். அந்த இரண்டாவது எண்ணில்தான் ஆபத்து இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர்போன ராதர்ஹாம் வட்டாரத்தில், அகதிகள் உள்ளே இருக்கும்போதே ஒரு ஓட்டலுக்குத் தீ வைக்க முயன்றது ஒரு கும்பல். சுரங்கத்தை மூடியவன்மேல் வர வேண்டிய கோபம், நாடிழந்து வந்தவன்மேல் பாய்ந்தது. மூன்றே நாளில், 7-ஆம் தேதி மாலை, இனவெறிக்கு எதிராகப் பல ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் திரண்டு நின்றதும் அதே நாட்டில்தான். அதுவும் கோபம்தான். ஆனால் யார்மேல் வர வேண்டும் என்று தெரிந்த கோபம்.

தோழர்களே, தலைவர்கள் எல்லோரும் திருடர்கள், பத்திரிகை எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்காருவது எளிது. அப்படி உட்காரும் ஜனங்களைத்தான் அடுத்த வேடதாரி எதிர்பார்த்திருக்கிறான். டீக்கடைப் பெஞ்சில் பத்திரிகையைப் பிரிக்கும்போது, இது யாருடைய பத்திரிகை, இதில் யார் கூலியைப் பற்றிப் பேச்சே இல்லை என்று கேளுங்கள். உன் வேலையைப் பறித்தவன் பக்கத்து ஊர்க்காரன் என்று எவனாவது சொன்னால், அவனுக்குக் கூலி கொடுப்பவன் யார் என்று கேளுங்கள். கேட்டதைத் தனியாக மனதில் வைத்துக்கொண்டு குமுறாமல் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நாலு பேர் நடுவே பேசுங்கள்.

பர்ன்லித் தொழிலாளிக்குக் கோபம் இருந்தது. அதை வைத்துக்கொள்ளத் தனக்கென்று ஒரு இடம் இல்லாமல் போயிற்று. அந்த இடம்தான் சங்கம். அதைக் காப்பாற்றி வளர்ப்பது நம் கையில் இருக்கிறது.